பரோட்டா வீச்சு பழகுவது எப்படி: ஈரத்துணியில் தொடங்கி கல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குற்றால சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துப் பையன்களின் போனில் ஒரே மாதிரி வீடியோதான் ஓடும். செங்கோட்டை போகிற வழியில் பிரானூர் பார்டர், ஒரு கடை வாசல், பனியனோடு ஒரு மாஸ்டர். உள்ளங்கை அகல மாவை எடுத்து நாலு வீசு வீசுகிறார். மேடை முழுக்கக் கண்ணாடித் தாள் மாதிரி விரிந்து கிடக்கிறது. மொத்தம் பத்து விநாடி.

பார்த்துவிட்டு மறுநாளே ஒரு கிலோ மைதாவோடு வந்து நிற்பார்கள். "அண்ணாச்சி, வீசுறத மட்டும் சொல்லித் தாங்க, மத்ததெல்லாம் யூடியூப்ல பாத்துக்கிடுதேன்." அந்த 'மத்ததெல்லாம்'தான் சங்கதியே. அந்த உருண்டை அதற்கு முன் மூன்று மணி நேரம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது வீடியோவில் வராது.

நான் பாவூர்சத்திரம் பக்கம் ஒரு கடையில் இரண்டு வருடம் எடுபிடியாக நின்று கற்றுக்கொண்டவன். அப்புறம் பலருக்குப் பழக்கிவிட்டிருக்கிறேன். எல்லாரும் தடுக்கி விழுவது அதே நாலைந்து இடங்களில்தான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். குறிப்பாக 2-ஆம் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எல்லாரும் குதிப்பது அங்கேதான்.

1. முதலில் இடத்தைச் சரிபாருங்கள்

மாவை விட முக்கியம் மேடை. வழவழப்பான கிரானைட் அல்லது ஸ்டீல் மேடை, குறைந்தது இரண்டரை அடி நீளம், இரண்டு அடி அகலம் வேண்டும். மரப்பலகை வேண்டாம். மரம் எண்ணெயைக் குடித்துவிடும். எண்ணெய் போன இடத்தில் மாவு ஒட்டும், ஒட்டின இடத்தில் கிழியும்.

உயரம் உங்கள் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மேடை உயரமாக இருந்தால் தோளால் வீசுவீர்கள். பத்து உருண்டைக்குள் தோள் கழன்றுவிடும். தரையில் உட்கார்ந்து பழகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. வீச்சில் உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆட வேண்டும், அதற்குக் கால் ஊன்றி நிற்க வேண்டும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று பட்டால் மாவின் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். மோதிரம், வாட்ச், வளையல், கையில் கட்டின கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மெல்லிய மாவுக்கு நகம்தான் முதல் எதிரி.

சாமான்கள் சொற்பம்தான்: சமையலறைத் தராசு ஒன்று, விளிம்பு வைத்த தட்டு அல்லது ட்ரே, மூடிவைக்க ஒரு பருத்தித் துணி, கால் லிட்டர் ரீபைண்ட் எண்ணெய். தராசை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாஸ்டர் கண்ணால் அளப்பார். நமக்கு அந்தக் கண் வர இன்னும் நாள் இருக்கிறது.

2. முதல் வாரம் மாவைத் தொடாதீர்கள்

பழைய பருத்தித் துண்டு ஒன்றை ஓரடி விட்டத்துக்கு வட்டமாக வெட்டுங்கள். நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். கடைகளில் புதுப் பையன்களை இதில்தான் பழக்குவார்கள். நனைந்த துணி ஏறக்குறைய மாவு மாதிரியே தொங்கும், மேடையில் 'சப்'பென்று விழும், கிழியாது. கிழியாது என்பதால் பயம் இருக்காது. பயம் இருந்தால் கை இறுகும்; இறுகின கையில் வீச்சு வராது.

வீசும் முறை 7-ஆம் படியில் இருக்கிறது. அதைத் துணியை வைத்துக்கொண்டு படியுங்கள். காலையில் நூறு, சாயங்காலம் நூறு வீச்சு. கால் மணி நேரம்கூட ஆகாது. முதல் இரண்டு நாள் துணி சுருண்டு சுருண்டு விழும். மூன்றாம் நாளிலோ நாலாம் நாளிலோ ஒன்றிரண்டு வீச்சு விரிந்து விழும்; எப்படி விழுந்தது என்றே தெரியாது. தொடர்ந்து பத்து வீச்சு சுருளாமல் விழுந்தால் மாவுக்குப் போகலாம்.

காய்ந்த துணியில் பழகாதீர்கள். காய்ந்த துணி காற்றில் மிதக்கும், மாவு மிதக்காது. காய்ந்த துணியில் பழகியவன் மாவை எடுத்ததும் கை உயரத்தை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும், ஒரு வாரம் வீண்.

3. மாவு கலக்குகிற வரிசை

ஒரு கிலோ மைதாவுக்கு என் கணக்கு: தண்ணீர் 575 மில்லி, உப்பு 20 கிராம், சர்க்கரை இரண்டு டீஸ்பூன், எண்ணெய் 50 மில்லி. சர்க்கரை ருசிக்கு மட்டுமில்லை. கல்லில் நிறம் பிடிக்கவும் அதுதான். முட்டை, பால், சோடா எதுவும் பழகுகிற மாவில் வேண்டாம். மாவு சரியில்லை என்றால் காரணம் தண்ணீரா, ஊறலா, கையா என்று கண்டுபிடிக்க வேண்டும். சேர்மானம் கூடக்கூட அது முடியாமல் போகும்.

பாக்கெட் மைதா வாங்கினால் பின்பக்க அட்டவணையில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் இருப்பதாக எடுங்கள். காரணம் அடுத்த படியில்.

உப்பையும் சர்க்கரையையும் முதலில் தண்ணீரில் கரையுங்கள். மாவில் உப்பைத் தூவிப் பிசைந்தால் அங்கங்கே கரிக்கும், அங்கங்கே மாவு தளரும். கரைத்த தண்ணீரை மாவில் ஊற்றி, வெள்ளை மாவு தெரியாத அளவுக்குக் கிளறி, மூடி, இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். இந்தச் சமயத்தில் மாவு தானாகவே தண்ணீரைக் குடிக்கும். நீங்கள் பிசைகிற வேலையில் பாதி மிச்சம்.

எண்ணெய் கடைசியில்தான். முதலிலேயே ஊற்றினால் எண்ணெய் மாவைச் சுற்றிப் பூசிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. வீட்டில் சப்பாத்திக்குப் பிசைந்து பழகின கை எண்ணெயைத்தான் முதலில் தேடும். அதை அடக்குங்கள்.

பருவத்தையும் பாருங்கள். ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது மைதாவே ஈரம் வாங்கியிருக்கும். தண்ணீரில் 20, 30 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள். நான் தனியாகப் பிசைந்த முதல் மாவு ஆடி மாதத்தில்தான். சித்திரையில் எழுதி வைத்த கணக்கை அப்படியே போட்டேன். உருண்டை பிடிக்க முடியவில்லை. தோசைமாவுக்கு அண்ணன் மாதிரி வழிந்தது.

இங்கே ஒரு பேச்சு உண்டு. அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர் என்பது போல பரோட்டாவுக்கும் இந்தத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. போர் தண்ணீரிலும் பிசைந்திருக்கிறேன், கேன் தண்ணீரிலும் பிசைந்திருக்கிறேன். ஊற வைத்த நேரம் காட்டுகிற வித்தியாசத்தை எந்தத் தண்ணீரும் காட்டவில்லை.

4. பிசைவது, அடிப்பது, விடுவது

மாவில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, ஒரு கிண்ணத் தண்ணீரில் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். பால் மாதிரி வெள்ளையாக இறங்கும். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் சூயிங்கம் மாதிரி ஒரு கட்டி கையில் நிற்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இதுதான் குளூட்டன் என்கிற புரதப் பசை. நெல்லை அல்வாக்காரர் கோதுமையை அரைத்துப் பால் எடுக்கிறாரே, அவருக்கு வேண்டியது அந்த இறங்கின பால். நமக்கு வேண்டியது கையில் நிற்கிற இந்தக் கட்டி. ஒரே தானியம், அவர் ஒதுக்குவதை நாம் கொண்டாடுகிறோம்.

பிசைவது இந்தப் பசையை வலை மாதிரி பின்னுவதற்கு. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பித் தள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம். கடையில் மாவை மொத்தமாகத் தூக்கி மேடையில் அறைவார்கள். வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டால் நீங்களும் அறையலாம், பிசைகிற நேரம் குறையும்.

போதுமா என்று பார்க்க ஒரு சோதனை. நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து நாலு பக்கமும் மெதுவாக விரியுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் மறுபக்கம் தெரிய வேண்டும். அதற்கு முன்பே கிழிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் பிசையுங்கள்.

அப்புறம் மேலே எண்ணெய் தடவி, ஈரத்துணியால் மூடி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பின்னின வலை இப்போது விறைப்பாக இருக்கும், இழுத்தால் எதிர்க்கும். நேரம் கொடுத்தால் தளர்ந்து கொடுக்கும். அவசரக்காரர்கள் தோற்கிற முதல் இடம் இது. நான் எடுபிடியாக இருந்தபோது மாவு ஊறுகிற நேரத்தில் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கடை அண்ணாச்சி சொல்வார்: "ஏலே, ஒறங்குத பிள்ளைய எழுப்பாத, போய் வெங்காயத்த வெட்டு." வெங்காயம் வெட்டி முடிக்கவும் மாவு தயாராகவும் சரியாக இருக்கும். அவர் கணக்குப் போட்டுத்தான் வேலை கொடுத்திருக்கிறார் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

5. உருண்டை பிடித்தல், இரண்டாம் ஊறல்

ஒரு கிலோ மைதாவில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மாவு வரும். 80 கிராம் வீதம் நிறுத்தால் இருபது உருண்டை. எல்லாம் ஒரே எடையில் இருக்கட்டும். ஒன்று 60, ஒன்று 100 என்று இருந்தால் கைக்கு ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு, பழக்கம் பிடிக்காது.

மாவை இடது கையில் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்குங்கள். மேலே பிதுங்கி வருவது பலூன் மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும். கிள்ளி எடுத்த அடிப்பக்கத்தை உள்ளே தள்ளி மூடி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். சுருக்கமோ மடிப்போ மேலே தெரிந்தால் வீசும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும்.

ட்ரேயில் எண்ணெய் ஊற்றி, உருண்டைகளை அடுக்கி, மேலேயும் தாராளமாகத் தடவுங்கள். இப்போது ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். சாரல் நாளில் குளிருக்கு மாவு மெதுவாகத்தான் தளரும், அரை மணி கூடுதலாக விடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஒன்றேகால் மணியே போதும். அதிகம் விட்டால் உருண்டை தட்டையாகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

தயாரா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே எழும்பி வந்தால் இன்னும் நேரம் வேண்டும். அப்படியே நின்றால் வீசலாம். ஃபிரிட்ஜில் வைத்த மாவானால் வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும். குளிர்ந்த மாவு விறைத்தே இருக்கும்.

6. தட்டுதல்

இது சின்னப் படிதான், ஆனால் வட்டம் இங்கேதான் உருவாகிறது. மேடையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பரப்புங்கள். உருண்டையை வைத்து, விரல்களால் நடுவிலிருந்து வெளியே அழுத்தி ஏழெட்டு அங்குல வட்டமாக்குங்கள். நடு கொஞ்சம் கனமாகவும் ஓரம் மெலிதாகவும் இருக்கட்டும். வீசும்போது இழுபடுவது முதலில் நடுப்பகுதிதான். அங்கே கையிருப்பு இல்லாவிட்டால் முதல் வீச்சிலேயே ஓட்டை விழும்.

பூரிக்கட்டை வேண்டாம். கட்டை எல்லா இடத்தையும் ஒரே கனமாக்கிவிடும், நமக்கு வேண்டியது அது இல்லை.

எண்ணெய் குளம் கட்டக்கூடாது. அதிகமானால் மாவு வழுக்கிக்கொண்டே போகும், மேடையைப் பிடிக்காது. பிடிக்காத மாவு விரியாது. ஏன் என்று அடுத்து பாருங்கள்.

7. வீச்சு

வட்டத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 எதிர்ப்பக்கம், 6 உங்கள் வயிற்றுப்பக்கம். வலக்கைக்காரர் பிடிக்க வேண்டியது இப்படி:

வலது கை 5-இல். கட்டைவிரல் மாவுக்கு அடியில், மற்ற நாலு விரலும் மேலே. உள்ளங்கை மேடையைப் பார்க்கும். இடது கை 7-இல், நேர்மாறாக: நாலு விரல் அடியில், கட்டைவிரல் மேலே, உள்ளங்கை கூரையைப் பார்க்கும். விரல் நுனியால் கிள்ளாதீர்கள். முதல் கணு வரை உள்ளே விட்டு, ஒரு அங்குல அகலத்துக்குப் பிடியுங்கள்; நுனியால் பிடித்தால் பாரம் முழுக்க ஒரு புள்ளியில் விழுந்து ஓரம் அறுந்துவிடும்.

இப்போது தூக்குங்கள், மார்பு உயரம் போதும். தூக்குகிற அதே ஓட்டத்தில் இடது கை வலப்பக்கமாகக் கவிழ்ந்து போகும், வலது கை மலர்ந்து வரும். இரண்டு மணிக்கட்டும் ஒரே திசையில் திரும்பும், துணி பிழிகிற மாதிரி எதிரெதிராக இல்லை. மாவு காற்றில் ஒரு புரட்டு புரண்டு, அடிப்பக்கம் மேலே வரும்.

மாவின் தூரத்து ஓரம் மேடையில் 'சப்'பென்று அறைய வேண்டும். அறைந்த ஓரம் எண்ணெய்ப் படலத்தில் ஒரு கணம் ஒட்டி நிற்கும். அந்த ஒரு கணத்தில், கையில் இருக்கிற ஓரத்தை உங்கள் பக்கம் நாலு விரல் அளவு இழுத்துப் படியவிடுங்கள். மாவு விரிவது காற்றில் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி விரிவது இந்த இழுப்பில்தான். வீடியோவில் கண்ணுக்குத் தெரிவது புரட்டு, காதுக்குக் கேட்பது அறை, இழுப்பு தெரியாது. வீடியோ பார்த்து மட்டும் பழகினவர்கள் மாவை உயர உயரத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள், அது எட்டு அங்குலத்திலேயே நிற்கும்.

ஒருமுறை அறைந்ததும் பிடியை இடம் மாற்றுங்கள். அதே இரண்டு இடத்தைத் திரும்பத் திரும்பப் பிடித்தால் மாவு நீளவாக்கில் போய் வாழை இலை மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஓரத்தில் ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் வட்டம் ஓரளவு வட்டமாகவே இருக்கும்.

வேகம் வேண்டாம். துணியில் பழகிய அதே நிதானத்தில் வீசுங்கள். 'தூக்கு, புரட்டு, அறை, இழு' என்று நாலு தாளமாக எண்ணுங்கள். முதல் ஐம்பது உருண்டை வரை ஒவ்வொரு வீச்சுக்கும் இடையில் நிறுத்தி, எங்கே கனம், எங்கே மெலிசு என்று பாருங்கள். பழகப் பழக நாலு தாளமும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். கடை மாஸ்டரின் வேகம் அப்படி வந்ததுதான்.

80 கிராம் உருண்டை தேர்ந்த கையில் ஒன்றரை அடி அகலம் வரை போகும். உங்களுக்கு முதலில் ஓரடி வந்தாலே நல்ல ஆரம்பம்.

தலைக்கு மேலே தூக்கி முஷ்டியில் சுழற்றுகிறார்களே, அது இது இல்லை. அது பீட்சாக்காரர் வித்தை. பிடிமானம் வேறு, மாவும் வேறு. பரோட்டா மாவு அதைவிட எண்ணெயும் இளக்கமும் கூடினது. உங்கள் தலையில்தான் வந்து விழும்.

8. கிழிந்தால் எங்கே கிழிந்தது என்று பாருங்கள்

கிழிந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

நடுவில் கிழிந்தால், தட்டும்போது நடுவை மெலிதாக்கிவிட்டீர்கள். விரல் பிடித்த இடத்தில் கிழிந்தால், கிள்ளியிருக்கிறீர்கள். ஒரே நேர்க்கோட்டில் கிழிந்தால் உருண்டையில் மடிப்பு விட்டிருக்கிறீர்கள். ஓரம் வெடிப்பு வெடிப்பாக வந்தால் மேல்தோல் காய்ந்திருக்கிறது: எண்ணெய் போதவில்லை, இல்லை யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள்.

கிழியவில்லை, ஆனால் விரிந்த உடனே சுருங்கிவிடுகிறது என்றால் ஊறல் போதவில்லை. அந்த உருண்டையோடு மல்லுக்கட்டாதீர்கள். மூடிவைத்து அரை மணி கழித்து வாருங்கள். எங்கே தொட்டாலும் ஓட்டை விழுகிறது என்றால் தண்ணீர் அதிகம், அல்லது பிசைந்தது போதவில்லை. அன்றைய மாவில் சரிசெய்ய வழியில்லை.

ஒரு ஆறுதல். ஒன்றிரண்டு ஓட்டை விழுந்தால் பரோட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. மடித்துச் சுருட்டப் போகிறோம், ஓட்டை உள்ளே மறைந்துவிடும். முட்டை வீச்சுக்குத்தான் ஓட்டை ஆகாது, முட்டை ஒழுகிவிடும். அதனால் முட்டை வீச்சைக் கடைசியில் பழகுங்கள்.

9. கொசுவிச் சுருட்டுதல்

விரிந்த தாளின் மேல் விரலால் எண்ணெய் தெளியுங்கள். ஒரு ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, சேலைக் கொசுவம் வைக்கிற மாதிரி சின்னச் சின்ன மடிப்பாகச் சேர்த்து வாருங்கள். கடைசியில் நீளக் கயிறு மாதிரி ஒன்று கிடைக்கும். லேசாக இழுத்து நீட்டி, ஒரு முனையிலிருந்து நத்தை ஓடு மாதிரி சுற்றி, வால் முனையை அடியில் செருகுங்கள். வால் வெளியே நின்றால் கல்லில் சுருள் பிரிந்துவிடும்.

இறுக்கிச் சுற்றாதீர்கள். மடிப்புக்கு மடிப்பு நடுவில் இருக்கிற எண்ணெயும் காற்றும்தான் பின்னால் இதழாகப் பிரிவது. அழுத்தினால் எல்லாம் ஒட்டி ஒரே மொத்தையாகும்.

சுருளைப் பதினைந்து நிமிடம் விட்டு, பிறகு உள்ளங்கையால் ஐந்து அங்குல அகலத்துக்குத் தட்டுங்கள். இந்தக் கால் மணியைத் தவிர்த்தால் தட்டத் தட்டச் சுருங்கும்.

10. கல்லில்

மிதமான தீ, கனமான தோசைக்கல். எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வீதம் திருப்பித் திருப்பிப் போடுங்கள். தீ அதிகமானால் மேலே கருகும், நடுச் சுருள் பச்சையாக நிற்கும்.

எடுத்த சூட்டோடு மூன்று நாலை அடுக்கி, இரண்டு பக்கமிருந்தும் உள்ளங்கையால் அடித்தால் இதழ் பிரியும். உள்ளே இருக்கிற ஆவி வெளியேறுவதற்குள் அடிக்க வேண்டும். ஆறினால் எவ்வளவு அடித்தாலும் பிரியாது. மாஸ்டர் வெறுங்கையால் அடிக்கிறாரே என்று நீங்களும் கை வைக்காதீர்கள். அவர் கை வருடக்கணக்காகக் காய்ப்பேறினது. நீங்கள் மடித்த துணியைப் பிடித்துக்கொண்டு அடியுங்கள்.

11. பழகுகிற கணக்கு

துணிக்கு ஒரு வாரம். அடுத்த இரண்டு வாரம் நாளுக்கு ஐந்து உருண்டை போதும். கால் கிலோ மைதாவில் ஐந்து வரும். மாதம் முழுக்கப் பழகினாலும் ஏழெட்டுக் கிலோவில் முடியும்.

வீசிக் கிழிந்த மாவை எறிய வேண்டாம். மறுபடி உருட்டி, எண்ணெய் தடவி, முக்கால் மணி நேரம் விட்டால் திரும்ப வீசலாம். இப்படி மூன்று தடவை வரை. அதற்கு மேல் எண்ணெய் உள்ளேயே கலந்துபோய் மாவுக்குப் பிடிமானம் இருக்காது. ஐந்து உருண்டையை மூன்று சுற்று வீசினால் பதினைந்து. ஒரே நாளில் ஐம்பது வீசிவிட்டு ஒரு வாரம் மணிக்கட்டில் தைலம் தேய்ப்பதைவிடத் தினமும் பதினைந்து நல்லது.

பலமுறை கையாண்ட மாவை, அதுவும் வெயில் காலத்தில் நாலைந்து மணி நேரம் வெளியில் கிடந்ததை, சாப்பிட எடுக்காதீர்கள். முதல் சுற்றிலேயே சுமாராக வந்ததைச் சுட்டு, உருவம் சரியில்லாவிட்டால் கொத்திவிடுங்கள். நான் பழகின காலத்தில் எங்கள் வீட்டில் வாரத்துக்கு நாலு ராத்திரி கொத்து பரோட்டாதான். அம்மா கடைசியில் சால்னா வைக்கவே மறுத்துவிட்டாள்.

12. போனில் எடுக்கிறவர்களுக்கு

முதல் உருண்டையை எடுக்காதீர்கள். கை சூடேற நாலைந்து ஆகும். ஆறாவது ஏழாவதுதான் பெரும்பாலும் நன்றாக வரும்.

போனை மேடை உயரத்தில், பக்கவாட்டில், நாலடி தள்ளி வையுங்கள். நேர் மேலிருந்து எடுத்தால் புரட்டு தெரியாது, வெறும் வட்டம் பெரிதாவது மட்டும் தெரியும். ஜன்னல் உங்களுக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் இருந்தால் மாவைத் தூக்கும்போது வெளிச்சம் ஊடுருவும். எவ்வளவு மெலிசு என்று சொல்லாமலே காட்டிவிடலாம். விநாடிக்கு 60 பிரேம் என்று வைத்தால் கை மங்கலாவது குறையும்.

பின்னணிப் பாட்டு போடாதீர்கள் என்பது என் கட்சி. அந்த 'சப்' சத்தத்துக்காகத்தான் பாதிப் பேர் பார்க்கிறார்கள். உருண்டையில் தொடங்கிச் சுருள் வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். நடுவில் வெட்டினால் பார்க்கிறவன் உடனே சந்தேகப்படுவான். எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கையால் பொத்தானை அமுக்கி, ஒரு சாயங்காலம் முழுக்கப் பனிமூட்டத்தில் பரோட்டா வீசினவன் நான்.